ஒரே நேரத்தில் இருவர் பேசினால்?

நெடுந்தூரப் பேருந்துப் பயணத்தில் பண்பலை வானொலி கேட்டிருக்கிறீர்களா? ஓர் ஊர் நிலையத்தின் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஊர் பின்னால் போகப் போக, அதே அதிர்வெண்ணில் இயங்கும் வேறோர் ஊரின் நிலையம் திடீரெனக் குறுக்கிடும். சிறிது தூரத்துக்கு இரண்டும் மாறி மாறித் தலைகாட்டும். ஆனால் இரண்டு பாட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து கேட்பது அரிது. ஒன்று இது கேட்கும், அல்லது அது கேட்கும். பழைய மத்திய அலைப் பெட்டிகள் இப்படியல்ல. இரவில் இரண்டு நிலையங்களும் சேர்ந்தே ஒலிக்கும். ஊடே ஒரு சீழ்க்கையும் எழும். வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

பாட்டு கேட்பவருக்கு இது ஒரு வேடிக்கை. கடலில் தத்தளிப்பவருக்கோ இது உயிர்ப் பிரச்சினை. எப்படி என்று பார்ப்போம்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் இருப்பது டோவர் நீரிணை. அதன் மிகக் குறுகிய இடத்தில் அகலம் சுமார் 33 கிலோமீட்டர்தான். நாள்தோறும் 400க்கும் மேற்பட்ட கப்பல்கள் இதன் வழியே போகின்றன. 1971 ஜனவரி 11 அன்று 'டெக்சாகோ கரிபியன்' என்னும் எண்ணெய்க் கப்பல் இங்கே 'பராகாஸ்' என்னும் சரக்குக் கப்பலுடன் மோதி மூழ்கியது. மறுநாளே 'பிராண்டன்பர்க்' என்ற ஜெர்மன் கப்பல் அந்தச் சிதைவின்மேல் மோதி மூழ்கியது. பிறகு அவ்விடத்தில் எச்சரிக்கை விளக்குகள் வைத்தார்கள். அப்படியும் பிப்ரவரி 27 அன்று 'நிக்கி' என்ற கிரேக்கக் கப்பல் அங்கேயே வந்து மோதியது. அதிலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. மூன்று விபத்துகளிலுமாக இறந்தவர்கள் சுமார் 50 பேர்.

1972இல், டோவர் கரையிலிருந்து ரேடார் மூலம் நீரிணையைக் கண்காணித்து, கப்பல்களுக்கு வானொலியில் தகவல் சொல்லும் சேவை தொடங்கியது. இன்றும் அது இரவு பகலாக நடக்கிறது. அங்கே அமர்ந்திருப்பவரைக் கப்பல் போக்குவரத்து இயக்குநர் என்று சொல்லலாம். அவர் முன்னே ரேடார் திரை இருக்கிறது. கப்பல்கள் தாமாகவே அனுப்பும் பெயர், வேகம், திசை ஆகியவையும் திரையில் தெரிகின்றன. ஆனால் சுக்கான் அவர் கையில் இல்லை. கப்பலை நடத்துவது கப்பல் தலைவரின் பொறுப்பு. இயக்குநரிடம் இருப்பவை தகவலும் குரலும் மட்டுமே. அந்தக் குரலைச் சுமப்பது மீயுயர் அதிர்வெண் வானொலி. ஆபத்துக்கு அழைக்க 16ஆம் சேனல். அதன் அதிர்வெண் 156.8 மெகாஹெர்ட்ஸ்.

இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமியோ உருண்டை. ஆகவே ஆன்டெனா எவ்வளவு உயரமோ அதற்கேற்பத்தான் தூரம். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்குங்கள், வானொலித் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 100 மீட்டர் உயரக் குன்றின்மேல் உள்ள ஆன்டெனாவுக்கு இது 41 கிலோமீட்டர். 25 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த கப்பலுக்கு ஏறத்தாழ 21. இரண்டையும் கூட்டினால் 62. இந்த வட்டத்துக்குள் இருக்கும் அத்தனை பேரும் ஒரே சேனலைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பேசும்போது பொத்தானை அழுத்த வேண்டும்; அழுத்தியிருக்கும்வரை அவரால் அதே சேனலில் பிறர் பேசுவதைக் கேட்க முடியாது. தொலைபேசிப் பழக்கத்தில் இருப்பவர்களுக்கு முதலில் பிடிபடாத சங்கதி இதுதான்.

இப்போது இருவர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோமீட்டரில் ஒரு பெரிய கப்பல். 30 கிலோமீட்டரில் ஒரு படகு. இருவருக்கும் 25 வாட் திறன். தூரத்தின் எதிர் இருமடி விதியை மட்டும் கணக்கில் கொண்டால், கரையில் கப்பலின் அலை படகின் அலையைவிட 9 மடங்கு திறன் உடையது. அதாவது வீச்சில் 3 மடங்கு.

அலைகளைச் சுழலும் அம்புகளாக எண்ணிக்கொள்ளுங்கள். நீளம் 3 உள்ள அம்பு சுழல்கிறது. அதன் முனையில் நீளம் 1 உள்ள சிறிய அம்பு தன் போக்கில் சுழல்கிறது. கரைக் கருவிக்குக் கிடைப்பது இரண்டின் கூட்டு அம்பு. சிறியது எப்படிச் சுழன்றாலும் கூட்டு அம்பைப் பெரியதிலிருந்து அதிகமாக விலக்க முடியாது. விலகும் கோணத்தின் சைன் மதிப்பு 1/3ஐத் தாண்டாது. அதாவது 20 பாகைக்கும் குறைவு. தாளில் வரைந்து பார்த்தால் உடனே விளங்கும். பெரியது நூறு சுற்று சுற்றினால் கூட்டும் நூறு சுற்றுதான்.

பண்பலையில் பேச்சு இருப்பது அம்பின் நீளத்தில் அன்று, சுழலும் வேகத்தில். நீள மாற்றங்களை ஏற்பி வெட்டி எறிந்துவிடுகிறது. ஆகவே வலியவனின் குரல் தெளிவாக வருகிறது. மெலியவனின் குரல் காணாமல் போகிறது. இதைக் 'கைப்பற்றும் விளைவு' என்பார்கள். கொடுமை என்னவென்றால், இயக்குநருக்கு ஒரு கரகரப்புகூடக் கேட்காமல் போகலாம். யாரோ அழைத்தார் என்பதே அவருக்குத் தெரியாது. உயிர்காப்பு மிதவையில் இருப்பவரின் கைக்கருவி 5 வாட்தான் என்றால், 9 மடங்கு என்பது 45 மடங்காகிறது. விமானங்கள் தரையோடு பேசுவதற்கு இன்றும் வீச்சுப் பண்பேற்றத்தையே வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் இருவர் மோதினால் சீழ்க்கையாவது கேட்கும்.

இனி அந்த இயக்குநர் பேசும் முறையைக் கவனியுங்கள். பேசுமுன் சிறிது காத்துக் கேட்கிறார். சுருக்கமாகப் பேசுகிறார். முடித்ததும் 'ஓவர்' என்கிறார். "பொத்தானை விட்டுவிட்டேன், இனி உன் முறை" என்பது அதன் பொருள். 150 பாகை என்றால் 'ஒன், ஃபைவ், ஜீரோ' என ஒவ்வோர் இலக்கமாகச் சொல்கிறார். கடல் வானொலி ஏறக்குறைய 3000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைக் கடத்துவதில்லை. 'எஃப்', 'எஸ்' இரண்டையும் பிரித்துக் காட்டும் ஒலி பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கிறது. ஆகவேதான் 'ஃபாக்ஸ்ட்ராட்', 'சியெரா' என்கிற முழுச் சொற்கள். அரட்டைக்கு 16ஆம் சேனலில் இடமில்லை. ஆபத்து அழைப்பு வந்துவிட்டால் 'சீலான்ஸ் மேடே' என்று அறிவித்து மற்ற எல்லாரையும் வாய்மூடச் செய்கிறார்கள். என்னதான் ஒழுங்கு இருந்தாலும், எங்கோ ஒரு படகில் ஒலிவாங்கியின் பொத்தான் அழுந்திய நிலையில் சிக்கிக்கொண்டால் போதும். என்ஜின் இரைச்சல் மணிக்கணக்கில் சேனலை அடைத்துவிடும்!

தந்திக் காலத்தில் 500 கிலோஹெர்ட்ஸில் வேறொரு ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு மணியிலும் 15ஆம், 45ஆம் நிமிடங்களில் தொடங்கி 3 நிமிடம் எல்லாக் கப்பல்களும் மௌனம் காத்து, மெலிந்த அழைப்புக்குக் காதுகொடுக்க வேண்டும். கப்பல் வானொலி அறைக் கடிகாரங்களில் அந்தப் பகுதிக்குச் சிவப்பு வண்ணம் பூசியிருப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த கடிகாரம் அது.

1999 பிப்ரவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த உலகக் கடல் ஆபத்து ஏற்பாட்டில், பேச்சே அனுமதிக்கப்படாத 70ஆம் சேனல் இருக்கிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால், கப்பலின் 9 இலக்க அடையாள எண்ணும், கருவியிலுள்ள இருப்பிடமும் இலக்கக் குறிகளாகச் சுமார் அரை நொடியில் சென்றுவிடும். அரை நொடி அழைப்புகள் இரண்டு மோதிக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. ஆனாலும் மோதினால்? பதில் வராவிட்டால் கருவி மீண்டும் தானே அழைக்கும். எவ்வளவு நேரம் கழித்து? மூன்றரை முதல் நாலரை நிமிடத்துக்குள், ஏதோ ஒரு கணத்தில். சரியாக 4 நிமிடம் என்று வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்: ஒருமுறை மோதிய இரண்டு அழைப்புகளும் ஒவ்வொரு தடவையும் மோதும்.

ஒரு கணக்கு: ஆன்டெனா 4 மீட்டர் உயரத்தில் உள்ள இரண்டு மீன்பிடிப் படகுகள் எவ்வளவு தூரம்வரை ஒன்றோடொன்று பேசலாம்? திறனை இரு மடங்காக்கினால் இந்தத் தூரம் இரு மடங்காகுமா?