மழைக்காலக் குவியலுக்கு வேண்டியது காற்று

அன்புள்ள தம்பி,

மான்செஸ்டரில் உனக்கு அலாட்மென்ட் நிலம் கிடைத்ததில் மிக்க மகிழ்ச்சி. நகராட்சி வாடகைக்கு விடும் அந்தத் துண்டு நிலத்துக்காகப் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஓயாத மழையில் உரக்குவியல் மட்காமல் சொதசொதவென்று நாறுகிறது, விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். விடாதே. அதை மீட்டுவிடலாம்.

மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஈரமும் காற்றும் சேர்ந்தே வேண்டும். குவியலின் எடையில் 50 முதல் 60 சதவீதம் வரை நீர் இருக்கலாம். அதற்கு மேல் போனால் இடுக்குகளில் காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். அப்போது காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகும். அழுகிய முட்டை நாற்றம் அவற்றால் வருவதுதான்.

ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பார். ஓரிரு சொட்டு கசிந்தால் பதம் சரி. நீர் ஒழுகினால் குவியலைப் பிரித்து, கிழித்த அட்டை, சருகு, வைக்கோல் கலந்து மறுபடி அடுக்கு. அடியில் சுள்ளி பரப்பு. வெட்டிய புல்லைத் தடிமனாகப் போடாதே. பாய்போல் படிந்து காற்றை அடைத்துவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது இருக்கட்டும். சிறு குவியலில் சூடு தங்காது. மேலே தார்ப்பாய் போடு, இல்லாவிட்டால் நைட்ரேட்டும் பொட்டாசியமும் மழையில் கரைந்து போய்விடும். பக்கங்களை மட்டும் மூடாதே.

இந்தூரில் உரம் தயாரித்த ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் 1931இல் வெளியிட்ட நூலைத் தேடிப் படி. வறண்ட மாதங்களில் குழியில் மட்கவைத்தவர்கள், குழியில் நீர் தேங்கும் மழைக்காலத்தில் தரைக்கு மேல் குவியலாக அடுக்கினார்கள். பருவத்துக்கேற்ப முறையை மாற்றும் அந்தத் தெளிவைக் கற்றுக்கொள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, மழைக்கால உரத்துக்கான வேலை மழைக்கு முன்பே தொடங்குகிறது. காய்கறிக் கழிவு என்றும் கிடைக்கும். காய்ந்த பொருள்தான் அடைமழையில் கிடைக்காது. காய்ந்த நாள் பார்த்துச் சருகைக் கூட்டி மூட்டையாகக் கட்டு. அட்டைப் பெட்டிகளைக் கொட்டகையில் அடுக்கு. ஒரு வாளி கழிவு போடும்போதெல்லாம் இரண்டு வாளி சருகு போடு.

இந்த வாரமே குவியலைப் பிரித்துவிடு. மறுபடி அடுக்கிச் சில நாளில் நடுவே கைவிட்டுப் பார். வெதுவெதுப்பு தெரிந்தால் எனக்கு உடனே எழுது.

அன்புடன்,
அண்ணன்