கீயைத் தொடும் முன் பில்லைப் படி



அம்பர்நாத் கிழக்கில் வாடகைக்கு ஓர் அறை பிடித்து, நாலு கம்ப்யூட்டர் போட்டு, ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு டாலியும் எக்செலும் டைப்பிங்கும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். "நீங்க நாலு வார்த்தை எழுதுங்க டீச்சர், நான் சொன்னா கேக்க மாட்டா" என்றாள். அவள் என்னிடம் ஏ, எஸ், டி, எஃப் என்று விரல் பழகியபோது உன்னைவிடச் சின்னவள். யார் சொன்னதையும் கேட்காதவள். நீயும் அவள் மகள்தானே. அதனால் உனக்கென்று மட்டும் எழுதாமல், தாராவியிலும் செம்பூரிலும் கல்யாணிலும் உன்னைப்போல க்ளாஸ் வைத்திருக்கிற பிள்ளைகள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்.

நான் மாட்டுங்காவில் ஒரு மாடி அறையில் டைப்பிங் கற்றுக்கொண்டேன். எழுபதுகள். ஒரு வரிசை ரெமிங்டன், ஒரு வரிசை கோத்ரெஜ். 1955-இல் இதே பம்பாயில் கோத்ரெஜ் டைப்ரைட்டர் செய்யத் தொடங்கியது, 2009-இல் நிறுத்திவிட்டது. நடுவில் அந்த மிஷினை நம்பித் திருநெல்வேலியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள் எத்தனை பேர்! 'ஆபீஸ் நாற்காலியெல்லாம் மதராஸிக்கா?' என்று சிவசேனை எழுந்த 1966-க்குப் பிறகும் எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் கூட்டம் குறையவில்லை. அப்புறம் நானே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். வேர்ட்ஸ்டார் வந்தது, விண்டோஸ் வந்தது, 2001-இல் எம்.எஸ்.-சி.ஐ.டி. என்ற கம்ப்யூட்டர் கோர்ஸ் வந்தது, 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. ஒவ்வொரு தடவையும் பழைய மிஷினைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கினேன். மிஷினை மாற்றினேனே தவிர, சொல்லிக்கொடுக்கிற முறையை மாற்ற எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. மாற்ற வைத்தவள் ஒரு மாணவி.

பன்னிரண்டாவது முடித்த பெண். டாலி என்ற கணக்கு மென்பொருளில் அவள் கை பறக்கும். எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் என்று திரையைப் பார்க்காமலே சொல்வாள். ஓர் உதிரிபாகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டாவது மாதமே நிறுத்திவிட்டார்கள். என்னவென்று கேட்டால், கோயம்புத்தூரிலிருந்து சரக்கு வந்திருக்கிறது. சரக்கு 20,000 ரூபாய், வரி 18 சதவீதம், 3,600. வெளிமாநிலச் சரக்கு என்பதால் அது முழுவதும் ஐ.ஜி.எஸ்.டி. இவள் பார்ட்டிக்கு லெட்ஜர் திறக்கும்போது மாநிலம் என்ற இடத்தில் மகாராஷ்டிரா என்று தானாக நின்றதை அப்படியே விட்டு என்டர் தட்டிப் போய்விட்டாள். வரி மத்திய ஜி.எஸ்.டி. 1,800, மாநில ஜி.எஸ்.டி. 1,800 என்று இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்துவிட்டது. மொத்தம்? 23,600. பில்லிலும் அதே 23,600. மாதம் பதினாலாம் தேதி ஜி.எஸ்.டி. தளத்தில், விற்றவர்கள் காட்டிய வரியைச் சொல்லும் 2-பி அறிக்கை வந்து, ஆடிட்டர் அதை எடுத்துக் கணக்கோடு ஒத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இந்த ஒரு பில் மட்டும் இல்லை, அந்தப் பார்ட்டியின் பில் அத்தனையும் அப்படி.

"டோட்டல் சரியாத்தானே டீச்சர் இருந்துச்சு?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். அவள்மேல் தப்பில்லை. மொத்தம் ஒத்துவந்தால் கணக்கு சரி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். எண்ணூறு தடவை எஃப்9 அடிக்கவைத்த நான், ஒரு தடவைகூட ஒரு நிஜ பில்லை அவள் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னதில்லை. புத்தகத்தில் இருந்த 'ராமிடம் சரக்கு வாங்கியது' என்ற ஒற்றை வரியை வைத்தே பாடம் நடத்தியிருக்கிறேன். ராமுக்கு ஊரும் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை.

அதிலிருந்து என் க்ளாஸில் ஒரே சட்டம்: கீயைத் தொடும் முன் பில்லைப் படி.

படிப்பது என்றால் எப்படி? ஆனந்த் நகர் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற அப்பாக்களும், மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிற மாமாக்களும் உன் பிள்ளைகளுக்கு உண்டு. பழைய பில் நாலு கேட்டு வாங்கிவரச் சொல். முதலில் அதில் இருக்கிற ஜி.எஸ்.டி. எண். அதில் பதினைந்து இடங்கள். முதல் இரண்டு மாநிலம்: 27 என்றால் மகாராஷ்டிரா, 33 என்றால் தமிழ்நாடு. அடுத்த பத்தும் அந்தக் கடையின் பான் எண். பானில் நாலாவது எழுத்தைப் பார்க்கச் சொல்: பி என்றால் தனி ஆள், எஃப் என்றால் கூட்டு வியாபாரம், சி என்றால் கம்பெனி. ஒன்பதாவது படிக்கிற பையன் இதைத் தெரிந்துகொண்டுவிட்டால் தெருவில் ஒரு கடை போர்டை விடமாட்டான். பெயர்ப்பலகையில் 'கம்பெனி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறவர் உண்மையில் தனி ஆள் என்று கண்டுபிடித்துவந்து சொல்லுவான். துப்பறிகிற அந்த சந்தோஷம் வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

பிறகு தேதி. உங்கள் அம்பர்நாத் சிவன் கோயிலுக்கு வயது என்ன என்று யாரும் வாதாடுவதில்லை, ஏன் தெரியுமா? கல்வெட்டிலேயே சகம் 982 என்று வெட்டிவைத்திருக்கிறான். நம் கணக்கில் 1060. தேதி போட்டு வைத்த கல்லுக்கு மதிப்பு இருப்பதுபோலத்தான் தேதி போட்ட காகிதத்துக்கும். தேதியும் எண்ணும் இல்லாத காகிதத்தைப் பிள்ளைகள் கணினியில் ஏற்றக் கூடாது, திருப்பிக் கேட்கவேண்டும். கேட்கிற அந்தத் துணிச்சலும் பாடம்தான்.

அடுத்தது டெபிட், கிரெடிட். 'டெபிட் த ரிசீவர், கிரெடிட் த கிவர்' என்று பிள்ளைகள் பாட்டாகப் பாடுவார்கள், ஒன்றும் புரிந்திருக்காது. நீ தமிழில் தொடங்கு. நம் வீடுகளில் அண்ணாச்சி கடைப் பற்று நோட்டு என்று ஒன்று உண்டே, அதைக் கொண்டுவரச் சொல். அரிசி அஞ்சு கிலோ, எண்ணெய் ஒரு பாக்கெட் என்று அண்ணாச்சி பற்று எழுதியிருப்பார். யார் பெயரில்? வாங்கின நம் பெயரில். சம்பளத்தன்று பணம் கொடுத்தால் வரவு வைப்பார். யார் பெயரில்? கொடுத்த நம் பெயரில். வாங்குகிறவனுக்குப் பற்று, கொடுக்கிறவனுக்கு வரவு. இங்கிலீஷில் புரியாமல் பாடியதைப் பிள்ளை பால் வாங்கப் போன வயதிலேயே அறிந்திருக்கிறான் பார்.

இங்கே கெட்டிக்காரப் பெண் ஒருத்தி கையைத் தூக்குவாள்: "பணம் வந்தா பேங்க்ல இருந்து கிரெடிட்னு மெசேஜ் வருது. நீங்க நம்ம புக்ல பேங்க்கை டெபிட் பண்ணச் சொல்றீங்களே?" அந்தக் கேள்வி வந்த நாளை நாள்காட்டியில் வட்டம் போட்டு வை. அந்த மெசேஜ் வங்கியின் பேரேட்டிலிருந்து வருகிறது என்று சொல். அவர்கள் கணக்கில் அவள் கொடுத்தவள், அதனால் வரவு. நம் கணக்கில் வங்கி வாங்கினது, அதனால் பற்று. ஒரே பணம், இரண்டு நோட்டு. யார் நோட்டில் நின்று பேசுகிறோம் என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்குப் புக்-கீப்பிங் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இது நான் கண்டுபிடித்த முறை இல்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார்கள், பையன்களை முதலில் பெட்டியடிப் பையனாகத்தான் உட்காரவைத்தார்கள். கைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து யார் வருகிறார்கள், என்ன எழுதுகிறார்கள், எதற்கு மறுக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் பின்னால் அடுத்தாள் ஆனான், மேலாள் ஆனான், ஐந்தொகை போட்டான். டாலி பிறந்த கதையும் அதுதான். மில்களுக்கு உதிரிபாகம் விற்ற ஷியாம் சுந்தர் கோயங்காவுக்குத் தன் கணக்குக்குப் பொருந்துகிற மென்பொருள் கிடைக்கவில்லை. மகன் பரத்தை எழுதச் சொன்னார். 1986-இல் கம்பெனி தொடங்கினார்கள். கடையின் கணக்கு முதலில் இருந்தது. மென்பொருள் அதற்காக வந்தது. நாம்தான் க்ளாஸில் இதைத் தலைகீழாக நடத்துகிறோம்.

போர்டு பாடத்தை ஒதுக்கிவிடாதே. பதினொன்று, பன்னிரண்டு காமர்ஸில் பி.கே. என்ற புக்-கீப்பிங் இருக்கிறது, ஓ.சி.எம். என்ற வணிக அமைப்பு-நிர்வாகப் பாடம் இருக்கிறது, எஸ்.பி. என்ற செக்ரட்டேரியல் ப்ராக்டிஸ் இருக்கிறது, ஐ.டி.யும் எடுக்கலாம். பதினொன்றாவது ஐ.டி.யில் ஜி.என்.யு. காத்தா என்ற இலவசக் கணக்கு மென்பொருளே பாடமாக இருக்கிறது. டாலிக்குக் காசில்லாத பிள்ளைக்கு அதுவே போதும். ஆனால் ஒன்றைக் கவனி. எஸ்.பி. புத்தகத்தில் கடன்பத்திரம் வாங்கியவருக்குக் கம்பெனி செக்ரட்டரி எழுதுகிற கடிதத்தைப் பிள்ளைகள் மனப்பாடமாக எழுதுகிறார்கள். வீட்டில் கரண்ட் பில் கூடுதலாக வந்தால் நாலு வரி எழுத வரவில்லை. வாரத்துக்கு ஒரு நிஜக் கடிதம் எழுதவை. டைப்பிங் வேகமும் தானாக வரும்.

டைப்பிங் என்றதும் இன்னொன்று. மகாராஷ்டிர அரசில் கிளார்க்-டைப்பிஸ்ட் வேலைக்கு நிமிஷத்துக்கு இங்கிலீஷ் 40 அல்லது மராத்தி 30 கேட்கிறார்கள். புனேயில் உள்ள மாநிலத் தேர்வுக் கவுன்சில் அதற்குக் கம்ப்யூட்டர் டைப்பிங் பரீட்சை நடத்துகிறது. 'நமக்கு எதுக்கு மராத்தி' என்று நம் வீடுகளில் ஓர் அலட்சியம் உண்டு, என்னிடமும் இருந்தது. அம்பர்நாத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை தெருவில் மராத்தி பேசுகிறான், காகிதத்தில் எழுதப் பயப்படுகிறான். அந்தப் பயத்தை நீ போக்கு. கதவைத் திறந்து வைத்திருக்கிறவன் மேல் கோபித்துக்கொண்டு வெளியிலேயே நிற்பதில் என்ன லாபம்?

சர்டிபிகேட்டைப் பற்றிப் பொய் சொல்லாதே. 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்று பேனர் கட்டச் சொல்லி யாராவது வருவார்கள். கட்டாதே. மூன்று மாத கோர்ஸில் கணக்கர் ஆகிவிட முடியாது. கணக்கர் உட்காரும் மேஜையின் இந்தப் பக்கம் வந்து நிற்கலாம், அவ்வளவுதான். அதை ஏற்றுக்கொள்கிற பெற்றோர் போதும் உனக்கு.

இப்போது பில்லைப் போட்டோ எடுத்தால் தானே படித்துக் கணக்கில் ஏற்றுகிற மென்பொருள்கள் வந்துவிட்டன. "இனிமே நம்ம பாடம் எதுக்கு?" என்று நீ கேட்டாயாம். எண்ணூறு தடவை எஃப்9 அடிக்கிற வேலை போகும், போகட்டும். ஆனால் மொத்தம் ஒத்துவந்து உள்ளே பிசகுகிற கணக்கை, அந்த 23,600 ரூபாயை, இன்னும் யாராவது காகிதத்தோடு வைத்துப் பார்த்தாக வேண்டும். மிஷின் எவ்வளவு வேகமாக எழுதுகிறதோ அவ்வளவு வேகமாகத் தப்பும் பெருகும். பார்க்கத் தெரிந்த பிள்ளையை நீ தயார் செய்.

ஏப்ரல், மே வெக்கேஷன் பேட்சை நம்பிக் கடன் வாங்காதே. பத்தாவது பரீட்சை முடிந்த கையோடு முப்பது பேர் சேருவார்கள். மே மாதம் பாதிப் பேர் கல்யாணில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறிவிடுவார்கள். அந்த வண்டி உங்கள் ஊர் வழியாகத்தான் போகும், நிற்காது. ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பு: 33-இல் தொடங்கும் ஜி.எஸ்.டி. எண் உள்ள ஒரு பில்லோடு திரும்பி வரவேண்டும்.

கடைசியாக, உன் க்ளாஸின் கணக்கையே பாடமாக வை. ஃபீஸ் எவ்வளவு வந்தது, வாடகை எவ்வளவு, ரொக்கம் எவ்வளவு, யு.பி.ஐ.யில் எவ்வளவு என்று பிள்ளைகளே எழுதட்டும். வருஷ வருமானம் 20 லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு உனக்குத் தேவைப்படாது. ரசீது புத்தகம் முதல் நாளிலிருந்தே தேவை. வாங்குகிற ஒவ்வொரு ஃபீஸுக்கும் ரசீது கிழித்துக் கொடு, ஐம்பது ரூபாயானாலும்.

முதல் ரசீதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. எண்ணும் தேதியும் போட்டிருக்கிறாயா என்று பார்க்கவேண்டும். உன் அம்மா முதல் கடிதம் டைப் அடித்தபோது தேதியை மறந்துவிட்டாள். ஐந்து தடவை திருப்பி அடிக்கவைத்தேன்.

அன்புடன்,
உன் அம்மாவின் டைப்பிங் டீச்சர்