வரைபட அடுக்குகளைப் பிசகில்லாமல் பொருத்த 15 பயனுள்ள குறிப்புகள்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் நின்றுகொண்டு, "லிட்டில் இந்தியா எதுவரைக்கும்?" என்று நாலு பேரிடம் கேளுங்கள். நாலு எல்லை சொல்வார்கள். அரசாங்க வரைபடங்களிலும் இப்படித்தான். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டத்தில், ரோச்சோர் திட்டப் பகுதிக்குள் ஒரு துணை வட்டாரமாக லிட்டில் இந்தியா இருக்கிறது. 1989 ஜூலை 7-ஆம் தேதி அரசிதழில் அறிவிக்கப்பட்ட மரபுப் பாதுகாப்பு வட்டாரம் இன்னொரு லிட்டில் இந்தியா. 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரம் மூன்றாவது. பெயர் ஒன்று, கோடுகள் மூன்று.

இந்தக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எது எதற்குள் வருகிறது, எவ்வளவு பரப்பு வெளியே நிற்கிறது என்று கணக்கெடுப்பதுதான் பலகோண அடுக்குகளைப் பொருத்தும் வேலை. முன்பு கண்ணாடி மேசையில் எண்ணெய்க் காகிதத்தை விரித்துச் செய்தார்கள். இன்று 'போஸ்ட்ஜிஐஎஸ்' என்ற இலவச மென்பொருள் இருந்தால் வீட்டு மடிக்கணினியிலேயே செய்யலாம். அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் வரைபட அடுக்குகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. கல்லூரிப் பாடத்துக்கோ, அலுவலக வேலைக்கோ, நம் வட்டாரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளவோ இதில் இறங்குபவர்களுக்குக் கைகொடுக்கும் குறிப்புகள் இவை.

வெட்டுவதற்கு முன்

1. கேள்வியை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். துணை வட்டாரத்துக்குள் இருக்கும் மரபுப் பாதுகாப்புப் பகுதி எவ்வளவு என்றால், அது பொதுப் பரப்பு, போஸ்ட்ஜிஐஎஸின் 'எஸ்டி_இன்டர்செக்ஷன்' கட்டளை வேண்டும். பாதுகாப்பில் சேராத மீதி எவ்வளவு என்றால், அது கழித்தல், 'எஸ்டி_டிஃபரன்ஸ்' வேண்டும். இரண்டையும் சேர்த்தால் மொத்தம் எவ்வளவு என்றால் 'எஸ்டி_யூனியன்'. ஏதாவது ஒன்றில் மட்டும் இருப்பது எது என்றால் 'எஸ்டி_சிம்டிஃபரன்ஸ்'. நம் புளோக் டெங்கிக் குழுமத்துக்குள் வருகிறதா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் வெட்டவே தேவையில்லை. ஆம், இல்லை என்று பதில் தரும் 'எஸ்டி_இன்டர்செக்ட்ஸ்' போதும்.

2. எந்த ஆண்டின் அடுக்கு என்று பாருங்கள். 2014-ஆம் ஆண்டுப் பெருந்திட்டத்தில் துணை வட்டாரங்கள் 323, 2019-இல் 332. திட்டப் பகுதிகள் மட்டும் அதே 55. கடலைத் தூர்த்து நிலம் சேர்க்கும் ஊர் இது. 1960-களில் சுமார் 581 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு, இன்று ஏறக்குறைய 735. பழைய எல்லைமீது புதிய நிலப் பயன்பாட்டை வைத்தால், கரையோரத்தில் யாருக்கும் சேராத துண்டுகள் மிஞ்சும். இரண்டு அடுக்கும் ஒரே பதிப்பாக இருக்கட்டும்.

3. கோப்பைத் திறந்ததும் பெயர்களைச் சலித்தெடுங்கள். நம் திறந்த தரவுக் கோப்புகள் சிலவற்றில், வட்டாரத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கேஎம்எல்_1', 'கேஎம்எல்_2' என்று இருக்கும். உண்மையான பெயர், விளக்கப் பகுதியில் ஒரு எச்டிஎம்எல் அட்டவணைக்குள் புதைந்து கிடக்கும். அதைப் பிரித்துத் தனிப் பத்தியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியோடும் தேவையில்லாத உயர எண்ணாக ஒரு சுழியம் ஒட்டிக்கொண்டு வந்தால், 'எஸ்டி_ஃபோர்ஸ்2டி' அதை உதறிவிடும்.

4. டிகிரியில் பரப்பளவு எடுக்காதீர்கள். இறக்கிய கோப்பு பெரும்பாலும் அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கும். அப்படியே அளந்தால், சிங்கப்பூர் முழுவதற்கும் சேர்த்து 0.06 என்று ஒரு விடை வரும். அது சதுர டிகிரி, யாருக்கும் பயன்படாது. 'எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம்' கொண்டு எஸ்விஒய்21 முறைக்கு மாற்றுங்கள். 2004 முதல் சிங்கப்பூரின் நில அளவைக்கு இதுவே அடிப்படை; இதன் குறியீட்டு எண் 3414, அளவு மீட்டர். மாற்றம் சரிதானா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். தேக்கா பக்கத்துப் புள்ளி ஒன்று கிழக்கே ஏறக்குறைய 30,000, வடக்கே 32,000 என்று காட்ட வேண்டும். 103.85, 1.31 என்று காட்டினால் இன்னும் டிகிரியில்தான் நிற்கிறீர்கள்.

5. கோணல் உருவங்களை முதலிலேயே நேராக்குங்கள். எல்லைக்கோடு தன்னைத்தானே வெட்டிக்கொண்டு எட்டு வடிவில் முறுக்கிக்கொண்டால், அந்தப் பலகோணம் செல்லாது. நடுவழியில் வேலை நின்றுபோகும். 'எஸ்டி_இஸ்வேலிட்ரீசன்' எந்தப் புள்ளியில் சிக்கல் என்று சொல்லிவிடும், 'எஸ்டி_மேக்வேலிட்' சரிசெய்யும். சரிசெய்தபின் பரப்பளவு எவ்வளவு மாறியது என்று பாருங்கள். நிறைய மாறியிருந்தால், மூல வரைபடத்தையே ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.

வெட்டும்போது

6. இன்டெக்ஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். பெருந்திட்டத்தின் நிலப் பயன்பாட்டு அடுக்கில் லட்சத்துக்கும் மேற்பட்ட பலகோணங்கள் உண்டு. அதை 332 துணை வட்டாரங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால், 3 கோடியே 32 லட்சம் ஜோடிகளைத் தாண்டும். 'கிஸ்ட்' வகை இன்டெக்ஸ், ஒவ்வொரு பலகோணத்தையும் சுற்றி ஒரு செவ்வகப் பெட்டி கட்டி, பெட்டிகள் உரசாத ஜோடிகளைப் பார்க்காமலேயே தள்ளிவிடும். 1984-இல் அன்டோனின் கட்மன் வெளியிட்ட 'ஆர்-மரம்' என்ற முறையே இதற்கு வேர். ஒரு வரிக் கட்டளைதான். மணிக்கணக்கை நிமிடக் கணக்காக்கிவிடும்.

7. முழுதாக உள்ளே இருப்பதை வெட்டாதீர்கள். பெரும்பாலான மனைகள் ஏதாவது ஒரு துணை வட்டாரத்துக்குள் முழுதாக அடங்கியே இருக்கும். 'எஸ்டி_கவர்ட்பை' ஆம் என்றால், மனையை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லையில் குறுக்கே கிடப்பதை மட்டும் வெட்டச் சொல்லுங்கள். நேரமும் மிச்சமாகும், தொடாத மனையின் மூலைகளும் அப்படியே இருக்கும்.

8. தொட்டுக்கொண்டிருப்பதை வெட்டிக்கொண்டிருப்பதாக எண்ணாதீர்கள். பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்தாலும், 'எஸ்டி_இன்டர்செக்ட்ஸ்' ஆம் என்றுதான் சொல்லும். வெட்டிப் பார்த்தால் பரப்பே இல்லாத ஒரு கோடோ புள்ளியோ மட்டும் கிடைக்கும். கடைவீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும் டன்லப் தெரு, கேம்பல் லேன் போன்ற இடங்களில் இவை குவிந்துவிடும். 'எஸ்டி_கலெக்ஷன்எக்ஸ்ட்ராக்ட்' கட்டளையில் 3 என்று கொடுத்தால், பலகோணங்கள் மட்டும் மிஞ்சும். அதற்குப் பிறகும் வெறுமையாக இருக்கும் வரிசைகளை நீக்கிவிடுங்கள்.

9. கழிக்கும்போது எல்லாவற்றையும் சேர்த்துக் கழியுங்கள். பலரும் தடுக்கி விழும் இடம் இது. ஒரு துணை வட்டாரத்தின்மேல் மூன்று பாதுகாப்புப் பகுதிகள் இருந்து, ஜோடி ஜோடியாகக் கழித்தால், மூன்று தவறான மீதிகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் மற்ற இரண்டும் கழியாமல் நிற்கும். முதலில் அந்த மூன்றையும் 'எஸ்டி_யூனியன்' கொண்டு ஒன்றாக்கி, பிறகு ஒரே தடவை கழியுங்கள். எதுவுமே மேலே படாத வட்டாரம் பட்டியலிலிருந்து காணாமல் போகாதிருக்க 'லெஃப்ட் ஜாயின்' போடுங்கள். அதற்கு விடை முழு வட்டாரமும்தான்.

10. வட்டங்களை இரட்டிப்பாக எண்ணாதீர்கள். லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தைச் சுற்றி 400 மீட்டரும், ரோச்சோர் நிலையத்தைச் சுற்றி 400 மீட்டரும் வட்டம் போட்டால், இரண்டும் நன்றாகவே ஒன்றன்மேல் ஒன்று ஏறும். தனித்தனியாக அளந்து கூட்டினால், நடுவிலிருக்கும் வீடுகள் இருமுறை கணக்கில் வரும். சேர்த்தபின் அளவிடுங்கள். இன்னொன்று: கணினி போடும் வட்டம் உண்மையில் 32 பக்கமுள்ள பலகோணம். 400 மீட்டர் வட்டத்தில் அது சுமார் 3,200 சதுர மீட்டரை விட்டுவிடும். 6 மீட்டர் அகலமும் 30 மீட்டர் நீளமும் உள்ள கடைவீட்டு மனை என்றால், 17 மனைக்கு மேல் போய்விடும்! 'எஸ்டி_பஃபர்' கட்டளையில் கால்வட்டத்துக்கு 8 என்று இருக்கும் எண்ணை 64 ஆக்குங்கள்.

11. இரண்டு அடுக்குக்கு மேல் போனால் கோட்டு வழியைப் பிடியுங்கள். லிட்டில் இந்தியாவின் மூன்று எல்லைகளையும் ஒரே சமயத்தில் பொருத்த, ஜோடி ஜோடியாக வெட்டினால் தலை சுற்றும். அதைவிட எளிய வழி உண்டு. எல்லாப் பலகோணங்களின் எல்லைக்கோடுகளையும் 'எஸ்டி_பவுண்டரி' மூலம் எடுங்கள். அவற்றை 'எஸ்டி_யூனியன்' செய்யுங்கள். கோடுகள் குறுக்கிடும் இடமெல்லாம் முடிச்சு விழும். பிறகு 'எஸ்டி_பாலிகனைஸ்' கட்டளை, புள்ளிகளைச் சுற்றிய சிக்குக் கோலத்தின் கட்டங்களைப் போல, ஒவ்வொரு சிறு பகுதியையும் தனிப் பலகோணமாக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் 'எஸ்டி_பாயின்ட்ஆன்சர்ஃபேஸ்' மூலம் ஒரு புள்ளி வைத்து, அது எந்தெந்த மூல அடுக்குக்குள் விழுகிறது என்று கேளுங்கள். மூன்றிலும் இருப்பது எது, இரண்டில் மட்டும் இருப்பது எது என்று துல்லியமாகத் தெரியும். எதிலும் சேராத துண்டு இடையில் இருந்த துளை; அதை விட்டுவிடலாம். புள்ளிக்கு மையப்புள்ளியைப் பயன்படுத்த வேண்டாம். பிறை வடிவத் துண்டில் அது உருவத்துக்கு வெளியே போய் விழும்.

12. தசமத்தை அடக்குங்கள். கணினி பதினைந்து இலக்கம்வரை எண்களை வைத்துக்கொள்ளும். நில அளவையில் அந்த நுணுக்கம் கிடையாது. ஒரே மூலை இரண்டு அடுக்குகளில் ஒரு மயிரிழை தள்ளி நின்றால், பொருத்தும்போது தேவையற்ற துண்டுகள் பிறக்கும். போஸ்ட்ஜிஐஎஸ் 3.1 பதிப்பிலிருந்து, அதன் உள்ளிருக்கும் 'ஜியோஸ்' நூலகம் 3.9 அல்லது அதற்குப் பிந்தியதாக இருந்தால், வெட்டும் கட்டளையிலேயே கட்ட அளவைக் கொடுக்கலாம். 0.01 என்று கொடுத்தால், எல்லாப் புள்ளிகளும் ஒரு சென்டிமீட்டர் கட்டத்தில் அமர்ந்துவிடும்.

வெட்டியபின்

13. சீவல் துண்டுகளைப் பரப்பளவை மட்டும் பார்த்துத் தூக்கி எறியாதீர்கள். ஒரு துறை சாலையின் நடுவில் கோடு போட்டிருக்கும். இன்னொரு துறை மனையின் விளிம்பில் போட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே நூல் நூலாகத் துண்டுகள் விழும். 300 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சீவலின் பரப்பு 90 சதுர மீட்டர். அதைவிடச் சிறிய மனைகள்கூட உண்டு. எனவே உருவத்தைப் பாருங்கள். பரப்பை 4 பை-ஆல் பெருக்கி, சுற்றளவின் வர்க்கத்தால் வகுங்கள். முழு வட்டத்துக்கு 1 வரும். 6-க்கு 30 மீட்டர் மனைக்கு 0.44. அந்தச் சீவலுக்கோ 0.003. இப்போது எது குப்பை, எது ஒரு குடும்பத்தின் சொத்து என்று பிரித்தறியலாம். சீவலை அழித்துவிடாமல், நீண்ட எல்லையைப் பகிரும் பக்கத்துப் பலகோணத்தோடு சேர்த்துவிடுங்கள்.

14. மக்களைப் பரப்பளவால் பங்கு போடும்போது நிதானம் வேண்டும். துணை வட்டார மக்கள்தொகையை, வெட்டிய பரப்பின் விகிதத்தில் பிரிப்பது எளிது. ஆனால் மனிதர்கள் நிலத்தில் மாவு தூவியதுபோல் சமமாகப் பரவி வாழ்வதில்லை. பஃபலோ சாலையிலும் ரோவல் சாலையிலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில் அடுக்கடுக்காகக் குடும்பங்கள் இருக்கின்றன; பக்கத்துத் திடலில் ஒருவரும் இல்லை. வீவக கட்டடங்களின் அடுக்கும் திறந்த தரவாகக் கிடைக்கிறது. முதலில் மக்களைக் கட்டடங்களுக்குள் பிரித்துவிட்டு, பிறகு எல்லையோடு பொருத்துங்கள். டெங்கிக் குழுமத்துக்குள் எத்தனை வீடுகள் என்று எண்ணும்போது இது மிக முக்கியம். 14 நாட்களுக்குள், 150 மீட்டர் தூரத்துக்குள் இரண்டு பேருக்கு டெங்கி கண்டாலே தேசியச் சுற்றுப்புற வாரியம் அதைக் குழுமமாகக் கணக்கிடுகிறது. அவ்வளவு சிறிய வட்டத்தில் சராசரிக் கணக்கு ஏமாற்றிவிடும்.

15. கடைசியாக, வரவு செலவு பாருங்கள். மாதக் கடைசியில் வீட்டுக் கணக்கு நோட்டை நேராக்குவதுபோல்தான். ஒவ்வொரு வட்டாரத்துக்கும், வெட்டி எடுத்த துண்டுகளின் பரப்பும் கழித்த மீதியின் பரப்பும் சேர்ந்து மூல வட்டாரத்தின் பரப்புக்குச் சமமாக வர வேண்டும். கூடுதலாக வந்தால், ஏதோ ஓர் அடுக்கில் பலகோணங்கள் தமக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன; 10-ஆம் குறிப்புக்குத் திரும்புங்கள். குறைவாக வந்தால், செல்லாத உருவம் ஏதோ விடுபட்டிருக்கிறது, அல்லது 'லெஃப்ட் ஜாயின்' போட மறந்துவிட்டீர்கள். 5-ஐயும் 9-ஐயும் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும்வரை விடையை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

வரைபடத்தில் ஒரு கோடு அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனால், தரையில் ஒரு கடை பாதுகாப்பு வட்டாரத்துக்கு உள்ளே வரும் அல்லது வெளியே போகும். ஒரு குடும்பம் கணக்கில் சேரும் அல்லது விடுபடும். ஆகவே இந்த வேலையில் வேகத்தைவிட நேர்மை பெரிது. இந்த வார இறுதியில் ரோச்சோரின் துணை வட்டார அடுக்கையும் பாதுகாப்புப் பகுதி அடுக்கையும் இறக்கி, இந்தக் குறிப்புகளை வரிசையாகச் செய்து பாருங்கள். பிறகு அந்த எல்லைக்கோட்டின் மேலேயே சிராங்கூன் சாலையில் ஒருமுறை நடந்து பாருங்கள். கணினியில் வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் யார் இருக்கிறார்கள் என்பது அப்போது புரியும்.