ஊசியும் தராசும்: கம்பளிக் குல்லா பின்னல் – ஒரு பாடம்



மளிகைக் கடைக்காரனுக்கும் பின்னல் ஊசிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. கார்த்திகை பிறந்துவிட்டால் நம் கடை வாசலில் பற்பசை, சீயக்காய்ப் பொட்டலங்களோடு குல்லாவும் சேர்ந்து தொங்குகிறது. விடியற்காலையில் பால் ஊற்றுபவர், பேப்பர் போடும் பையன், மண்டியில் மூட்டை இறக்கும் தொழிலாளி, மாலை போட்ட ஐயப்ப பக்தர் என்று எல்லோரும் வாங்குகிறார்கள். உதகை, குன்னூர், கொடைக்கானல், வால்பாறைப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் குல்லா அங்கே அரிசி பருப்பு மாதிரி அத்தியாவசியச் சரக்கு.

இந்தக் குல்லாவை வீட்டிலேயே பின்னலாம். கை பழகியவர்களுக்கு மூன்று நான்கு மணி நேர வேலைதான். வீட்டுக்கு, தர்மத்துக்கு, விற்பனைக்கு என்று மூன்று வழியிலும் பயன்படும். என் துணைவியார் நாற்பது ஆண்டுகளாகப் பின்னுகிறார். அவர் கைவேலையும் என் கணக்கும் சேர்ந்ததே இந்தப் பாடம்.

சட்டம் போட்டும் விற்காத குல்லா

முதலில் ஒரு பழைய வியாபாரச் செய்தி. இங்கிலாந்தில் 1571ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. பிரபுக்கள், சீமாட்டிகள் போன்ற உயர்குடியினர் நீங்கலாக, ஆறு வயதுக்கு மேற்பட்டோர் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பண்டிகை நாட்களிலும் உள்நாட்டில் பின்னிய கம்பளிக் குல்லாவை அணிய வேண்டும், தவறினால் அபராதம் என்றது அந்தச் சட்டம். குல்லாத் தொழிலையும் அதை நம்பியிருந்த குடும்பங்களையும் காப்பாற்றுவதே நோக்கம். ஆனால் மக்கள் மனம் வேறு தொப்பிகளுக்குப் போய்விட்டது. 1597இல் சட்டத்தையே ரத்து செய்தார்கள். வாடிக்கையாளர் தலையில் எதையும் வலுக்கட்டாயமாக வைக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சரக்கு நன்றாக இருக்க வேண்டும், அளவு சரியாக இருக்க வேண்டும், விலை நியாயமாக இருக்க வேண்டும். இம்மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

நூலும் ஊசியும்

கடையில் "உல்லன்" என்று கேட்டால் கிடைக்கும் நூல் உருண்டைகளில் பெரும்பாலானவை ஆட்டு ரோமம் அல்ல, அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. அக்ரிலிக் மட்டமான சரக்கு அன்று. விலை குறைவு, சாயம் நிற்கும், துவைக்க எளிது, பூச்சி அரிக்காது. ஆனால் அதைச் "சுத்தக் கம்பளி" என்று சொல்லி விற்பது தவறு. சந்தேகம் வந்தால் இரண்டு அங்குல நூலை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். ஆட்டுக் கம்பளி தலைமுடி கருகும் வாடை தரும். நெருப்பை எடுத்ததும் தானே அணையும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி எரிந்து, ஆறியதும் கறுப்பு மணி போல இறுகி நிற்கும். இரண்டும் கலந்த நூலும் உண்டு. வாங்கும்போதே உறையில் எழுதியிருப்பதைப் படித்து, விற்கும்போதும் அப்படியே சொல்லுங்கள்.

ஊசிக்கு வெளியூர் தேட வேண்டியதில்லை. நீலகிரி மாவட்டம் கேத்திப் பள்ளத்தாக்கில் இயங்கும் ஊசித் தொழிற்சாலையின் பின்னல் ஊசிகள் வெளிநாடுகளுக்கும் போகின்றன. ஊசியின் எண்ணில் ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். பழைய எண் முறையில் எண் ஏற ஏற ஊசி மெலியும். 8ஆம் எண் 4 மில்லிமீட்டர் கனம். 5ஆம் எண் 5.5 மில்லிமீட்டர். இப்போது மில்லிமீட்டர் அளவும் சேர்த்தே அச்சிடுகிறார்கள். அதைப் பார்த்து வாங்கினால் குழப்பமில்லை.

வேலை சீக்கிரம் முடிய வேண்டுமானால் நடுத்தரக் கனமுள்ள நூலை இரட்டை இழையாகச் சேர்த்து, 5.5 மில்லிமீட்டர் ஊசியில் பின்ன வேண்டும். பெரியவர் குல்லா ஒன்றுக்குச் சுமார் 100 கிராம் நூல் ஆகும்.

அளந்த பிறகே ஆரம்பம்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பின்னலிலும் அதுதான் முதல் பாடம். ஒருவர் கை இறுக்கம், ஒருவர் கை தளர்ச்சி. ஆகவே முதலில் 20 கண்ணி ஏற்றி, ஐந்து அங்குல உயரம் பின்னி ஒரு மாதிரித் துண்டு தயார் செய்யுங்கள். (ஊசியில் ஏறி நிற்கும் ஒவ்வொரு சுருக்கையும் இங்கே கண்ணி என்கிறோம்.) அதன் நடுவில் அளவுநாடாவை வைத்து நான்கு அங்குலத்தில் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். நான் சொன்ன நூலுக்கும் ஊசிக்கும் ஏறக்குறைய 15 கண்ணி வரும். அதாவது அங்குலத்துக்கு மூன்றே முக்கால்.

பெரியவர் தலைச் சுற்றளவு சுமார் 22 அங்குலம். குல்லா இழுத்துப் பிடித்து நிற்க வேண்டுமல்லவா? ஆகவே மூன்று அங்குலம் குறைத்து 19 அங்குலம் என்று கொள்ளுங்கள். 19ஐ மூன்றே முக்காலால் பெருக்கினால் 71 சொச்சம். நான்கால் வகுபடும்படி 72 ஆக்கி, ஓரத் தையலுக்கு இரண்டு சேர்த்தால் 74 கண்ணி. இதே கணக்கில் எட்டுப் பத்து வயதுப் பிள்ளைக்கு 70 கண்ணி, மூன்று முதல் ஐந்து வயதுக்கு 66 கண்ணி. உங்கள் மாதிரித் துண்டில் 15க்குப் பதில் 16 வந்தால் அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள். சூத்திரம் ஒன்றுதான்.

பின்னும் முறை

1. இரட்டை இழையில் 74 கண்ணி ஏற்றவும். நூலை இடது கட்டைவிரலில் சுற்றி, அந்தச் சுருக்கை ஊசியில் மாட்டி மெதுவாக இழுப்பதே எளிய முறை. இறுக்கக் கூடாது. இறுக்கினால் குல்லா நெற்றியை வெட்டும்.

2. பின்னலில் இரண்டே அடிப்படைகள். நூலைப் பின்னால் வைத்து, வலது ஊசியைக் கண்ணியின் முன்பக்கமிருந்து பின்பக்கம் நுழைத்து, நூலைச் சுற்றி, முன்னால் இழுத்தெடுப்பது நிட். நூலை முன்னால் வைத்து, ஊசியை வலமிருந்து இடமாக நுழைத்து, நூலைச் சுற்றிப் பின்னால் தள்ளுவது பர்ல். நிட் செய்த கண்ணி நம் பக்கம் 'வி' வடிவில் தெரியும். பர்ல் செய்த கண்ணி மேடு போலத் தெரியும்.

3. முதல் வரிசை: 2 நிட், பிறகு 2 பர்ல், 2 நிட் என்று கடைசி வரை. முடிவும் 2 நிட்டாகவே வரும்.

4. இரண்டாம் வரிசை: 2 பர்ல், பிறகு 2 நிட், 2 பர்ல் என்று கடைசி வரை. சுருங்கச் சொன்னால், 'வி' தெரிந்தால் நிட், மேடு தெரிந்தால் பர்ல். இவ்விரு வரிசைகளையும் மாற்றி மாற்றிப் பின்னினால் ரப்பர் போல இழுபடும் வரிப்பின்னல் கிடைக்கும்.

5. உயரம் 8 அங்குலம் வரும் வரை பின்னவும். விளிம்பை மடித்துக் காதுக்கு இரட்டைக் கனம் வேண்டுமென்றால் பத்தரை அங்குலம். பிள்ளைகளுக்கு ஏழரை, 7 அங்குலம் போதும்.

6. இனி உச்சி. ஒரு வரிசை முழுவதும் இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்து நிட் செய்யவும். 74 கண்ணி 37 ஆகும். அடுத்த வரிசை முழுவதும் பர்ல். அதற்கடுத்த வரிசையில் மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்து, மீந்த ஒன்றைத் தனியே பின்னினால் 19 கண்ணி நிற்கும்.

7. நூலை ஒன்றரை முழம் விட்டு வெட்டவும். கண் பெரிய, முனை மழுங்கிய ஊசியில் கோத்து, 19 கண்ணிகளுக்குள்ளும் விட்டு, சுருக்குப்பை போல இழுத்து முடிச்சிடவும். அதே நூலால் பக்கவாட்டு ஓரத்தை மேலிருந்து கீழாகத் தைக்கவும். விளிம்பு மடிக்கும் குல்லாவானால் கீழ் இரண்டரை அங்குலத்தை மட்டும் மறுபக்கமாகத் தையுங்கள். மடித்தபின் தையல் வெளியே தெரியாது.

தர்மத்துக்குப் பின்னும்போது

உடல் சூட்டில் பாதி தலை வழியாகப் போய்விடும் என்று சொல்லிக் குல்லா விற்பவர்கள் உண்டு. பெரியவர்கள் விஷயத்தில் அது சரியல்ல. உடம்பின் மேற்பரப்பில் தலையின் பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். வெளியேறும் சூடும் அந்த அளவில்தான். ஆனால் பிறந்த குழந்தைக்குத் தலை பெரிது, மேற்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. அதிலும் எடை குறைந்து, மாதம் நிறையாமல் பிறந்த குழந்தையால் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் டாக்டர் எட்கர் ரே என்பவர் இத்தகைய குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் "கங்காரு" முறையைத் தொடங்கினார். இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் அது நடைமுறையில் உள்ளது. அதில் குழந்தைக்கு அணிவிப்பது ஒரு குல்லா, காலுறை, கீழ்த்துணி, இவ்வளவுதான். ஆகவே நாம் கொடுக்கும் 25 கிராம் நூல் அங்கே உண்மையிலேயே ஓர் உயிருக்குத் துணை நிற்கிறது.

நிறைமாதக் குழந்தைக்கு ஒற்றை இழை, 4 மில்லிமீட்டர் ஊசி, 66 கண்ணி, 5 அங்குல உயரம். உச்சிக்கு 66, 33, 17 என்று குறைக்க வேண்டும். மற்றபடி முறை ஒன்றே. மாதம் நிறையாத குழந்தைக்கு அளவு இன்னும் சிறியது. செவிலியரைக் கேட்டுப் பின்னுங்கள். பொத்தான், மணி, குஞ்சம், ரிப்பன் எதுவும் கூடாது. மிருதுவான, ரோமம் உதிராத நூலாக இருக்கட்டும். துவைத்து உலர்த்தி, சுத்தமான உறையில் போட்டு, செவிலியரிடம் கேட்ட பிறகே கொடுங்கள். வீடு திரும்பிய குழந்தைக்குச் சமவெளி வெப்பத்தில் குல்லா மாட்டித் தூங்கவைப்பது நல்லதல்ல. சூடு அதிகமானாலும் ஆபத்துதான்.

இதில் மளிகைக்காரர்கள் அவசியம் அறிய வேண்டியது ஒன்று. கம்பளியைப் பூச்சி அரிக்காமல் காக்க நாம் விற்கும் அந்துருண்டையில் நாப்தலின் உள்ளது. ஜி-6-பி-டி என்னும் நொதிக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்கு அந்த நெடி பட்ட துணியால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, மஞ்சள் காமாலை கடுமையாகலாம். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று பார்த்துத் தெரியாது. ஆகவே குழந்தைத் துணி வைக்கும் பெட்டியில் அந்துருண்டை வேண்டவே வேண்டாம். வாங்க வரும் தாய்மாரிடமும் இதை ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒரு பாக்கெட் விற்பனை குறைந்தால் குறையட்டும்.

விற்பனைக்குப் பின்னும்போது

இப்போது தராசுக்கு வருவோம். கணக்குக்காக நூல் 90 ரூபாய், உறை, சேதாரம் 10 ரூபாய் என்று வையுங்கள். சரக்குச் செலவு 100 ரூபாய். "ஆகவே 130 ரூபாய்க்கு விற்றால் 30 லாபம்" என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். நான்கு மணி நேரம் உழைத்த கை எங்கே போயிற்று? மணிக்கு 40 ரூபாய் போட்டாலும் கூலி 160. ஆக அடக்கம் 260. விற்பனை விலையில் ஐந்தில் ஒரு பங்கு கடைக்கு வேண்டுமானால் 325 ரூபாய்க்கு விற்க வேண்டும்.

லூதியானாவிலிருந்து மூட்டையாக வரும் இயந்திரக் குல்லாவோடு இந்த விலையில் போட்டி போட முடியாது. போட வேண்டியதும் இல்லை. அந்தச் சரக்கை அந்த விலைக்கே விற்போம். கைப்பின்னலுக்கு வேறு வாடிக்கை உண்டு. தலை அளவுக்குச் செய்து கொடுப்பது, மலைப் பள்ளிகளின் சீருடை நிறத்தில் கொடுப்பது, சுற்றுலா வந்தவர் ஊர் நினைவாக வாங்கிப் போவது ஆகியவை இயந்திரத்துக்கு எளிதில் அகப்படாதவை. பத்து மாதிரியைக் கடையில் வைத்து, ஆர்டர் வந்த பிறகு பின்னச் சொல்லுங்கள். முதல் முடங்காது. தை முடிந்தால் கேட்பாரில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

பின்னிக் கொடுக்கும் பெண்களிடம் நூலை எடை போட்டுக் கொடுத்து, குல்லாவையும் மீந்த நூலையும் எடை போட்டு வாங்குங்கள். இருவர் நோட்டிலும் எழுதிக் கையெழுத்து இடுங்கள். சந்தேகத்துக்கு இடமே இராது. கூலியைக் குல்லா வாங்கும்போதே கொடுத்துவிட வேண்டும். விற்ற பிறகு தருகிறேன் என்பது நம் முதலுக்கு அவர்களை ஈடு வைப்பதாகும். மொத்தக் கொள்முதலில் நாம் தவணை கேட்பது வேறு. அரிசி வாங்க அந்தக் கூலியை நம்பியிருப்பவரிடம் தவணை சொல்வது வேறு. அந்தப் பணம் திரும்ப நம் கடைக்கே அரிசியாக, எண்ணெயாக வந்து சேருகிறது என்பதும் கண்கூடு.

விற்கும் ஒவ்வொரு குல்லாவோடும் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். நூலின் வகை, குளிர்ந்த நீரில் துவைக்கவும், முறுக்கிப் பிழியாமல் விரித்து நிழலில் உலர்த்தவும் என்ற மூன்று வரி போதும். ஆட்டுக் கம்பளியை வெந்நீரில் போட்டு அலசினால் பெரியவர் குல்லா பிள்ளைக் குல்லாவாகிவிடும். அக்ரிலிக்கை அடுப்பருகில் உலர்த்தக் கூடாது, உருகும்.

ஐப்பசியிலேயே நூல் வாங்கி வையுங்கள். வீட்டில் முதல் குல்லாவைப் பின்னிப் பாருங்கள். இரண்டாவது, பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போகட்டும். மூன்றாவதிலிருந்து வியாபாரம் தொடங்கட்டும். வரிசை இப்படி இருந்தால் கையும் பழகும், பேரும் நிற்கும்.