அட்வான்ஸ் அறுபதாயிரம், ரசீது இல்லை

கேள்வி: நாங்கள் திருச்சிக்காரர்கள். என் மனைவிக்கு இந்தப் பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்ததால் 14 மாதங்களுக்கு முன் மீமிசலுக்குக் குடிவந்தோம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய வீடு. வாடகை 6,500 ரூபாய். அட்வான்ஸ் 60,000, அதில் 40,000 ரொக்கமாகவும் 20,000 கூகுள் பே மூலமாகவும் கொடுத்தோம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். பேசியது, பணம் வாங்கியது எல்லாம் அவருடைய மச்சான்தான். 20 ரூபாய்ப் பத்திரத்தில் 11 மாதத்துக்கு எழுதி என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார், நகல் தரவில்லை. வீட்டுக்காரரின் தங்கை குடிவருவதால் மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்று இப்போது வாய்வழியாகச் சொல்கிறார். ஜன்னல் கம்பியில் துரு, மோட்டார் எரிந்தது, வெள்ளையடிப்புச் செலவு எல்லாம் கழித்தால் அட்வான்ஸில் ஒன்றும் மிஞ்சாதாம். மறுத்துப் பேசினால் ஃபியூஸைப் பிடுங்குவேன் என்கிறார். புதிய வாடகைச் சட்டப்படி அறந்தாங்கி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் பணம் கிடைத்துவிடும் என்கிறார்கள் நண்பர்கள். கொடுக்கலாமா? அல்லது வாடகை தராமல் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மீமிசல்

பதில்: (நீண்ட கடிதத்தைச் சுருக்கியிருக்கிறோம்.) இரண்டுக்கும் ‘வேண்டாம்’ என்பதே என் பதில்.

துருவையும் மோட்டாரையும் பிறகு பார்ப்போம். நீங்கள் எந்த வாசற்படி ஏற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று: மீமிசல் ஓர் ஊராட்சி. உங்கள் நண்பர்கள் சொல்லும் சட்டம், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த 2017இல் தமிழ்நாடு இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம். மூன்று மாத வாடகைக்குமேல் முன்பணம் வாங்குவதைக் கட்டுப்படுத்துவது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தரச் சொல்வது, ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்வது எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் அது நகர்ப்புறத்துக்கான சட்டம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைகளோடு நின்றுவிடுகிறது. இதே வீடு அறந்தாங்கி நகராட்சிக்குள் இருந்திருந்தால் உங்கள் நண்பர்கள் சொன்னது சரி. ஆவுடையார்கோவில் ஒன்றியத்தின் ஊராட்சி ஒன்றில் இருக்கும் வீட்டுக்கு வாடகை அதிகாரி உத்தரவு போட முடியாது. வீட்டு வரி ரசீதின் தலைப்பில் ‘ஊராட்சி’ என்று இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். உள்ளாட்சி எல்லைகள் அரசாணையால் மாறக்கூடியவை. ஆகவே மனு எழுதும் முன் வழக்கறிஞர் ஒருவர் இதை உறுதி செய்துகொள்ளட்டும்.

இரண்டு மாத வாடகைதான் அட்வான்ஸாக வாங்கலாம் என்று ஏதோ வீடியோவில் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரிச் சட்டம். மாநிலங்கள் பார்த்து எழுதிக்கொள்ளக் கொடுத்த மாதிரி, அவ்வளவே. அதை வைத்து மீமிசலில் யாரிடமும் ஒரு ரூபாய் வசூலிக்க முடியாது.

அப்படியானால் உங்களுக்கு மிஞ்சுவது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் உரிமையியல் நீதிமன்றமும். ஒளிக்காமல் சொல்கிறேன், அந்தச் சட்டம் வாடகைதாரரைப் பெரிதாகத் தாங்கிப் பிடிப்பதில்லை. 11 மாதம் முடிந்தும் வாடகையை வாங்கிக்கொண்டே இருந்ததால் நீங்கள் இப்போது மாதாமாதக் குடியிருப்பவர். உங்களை வெளியேறச் சொல்ல உரிமையாளர் காரணம் காட்டத் தேவையில்லை. தங்கை வருகிறாரா இல்லையா என்று நீங்கள் துருவ வேண்டியதும் இல்லை. 106ஆம் பிரிவுப்படி, எழுத்தில், கையெழுத்திட்டு, 15 நாள் அறிவிப்பு கொடுத்தால் போதும். மச்சான் வாசலில் நின்று சொன்னது அறிவிப்பு ஆகாது. அறிவிப்புக்குப் பிறகும் நீங்கள் போகவில்லை என்றால் அவர் வழக்குப் போட்டுத்தான் வெளியேற்ற வேண்டும். ஃபியூஸைப் பிடுங்கியோ பூட்டுப் போட்டோ அல்ல. மிரட்டல் முற்றினால் உறுத்துக்கட்டளை கேட்டு வழக்குப் போடலாம். நீங்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்துப் பூட்டிவிட்டால் பூட்டை உடைக்காதீர்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். ‘இது சிவில் மேட்டர்’ என்று சொல்லி அனுப்பினாலும் அந்த ரசீது உதவும். குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் 6ஆம் பிரிவின்கீழ் வழக்குப் போட ஆறு மாதம்தான் கெடு.

என் கருத்து: அந்த வீட்டில் நீடிப்பதற்காகச் சண்டை போடாதீர்கள். வேறு வீடு பாருங்கள். சண்டை பணத்துக்காக இருக்கட்டும்.

பணம் என்றதும் எனக்குக் கோபம் வருகிறது. நாற்பதாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டு வாங்கவில்லை. கையெழுத்துப் போட்ட பத்திரத்தை ஒரு செல்போன் படம்கூட எடுக்கவில்லை. அதில் அட்வான்ஸ் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது என்பதே உங்களுக்கு நினைவில்லை. ‘ஊருக்குப் புதுசு, கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று விட்டுவிட்டோம்’ என்று எழுதுகிறீர்கள். ஊருக்குப் புதியவர்தான் கேட்க வேண்டும். நாளை உங்களுக்காகச் சாட்சி சொல்ல அங்கே உறவா, பங்காளியா, யார் இருக்கிறார்கள்? குடும்ப அட்டைக்கும் எரிவாயு இணைப்புக்கும் முகவரி மாற்ற வாடகை ஒப்பந்தம் கேட்டபோதாவது விழித்திருக்கலாம். அப்போதும் பழைய திருச்சி முகவரியிலேயே காலத்தை ஓட்டியிருக்கிறீர்கள். துருவைப் பற்றி மச்சான் முதலில் பேசியது நான்கு மாதத்துக்கு முன்பு. அன்றே எழுத்தில் மறுக்காமல், கம்பி மாற்றும் செலவைக் கழிக்கப்போவதாக அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திக்கு ‘சரி அண்ணே, பார்த்துச் செய்யுங்க’ என்று பதில் போட்டிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் காட்டப்போவது அந்தச் செய்தியைத்தான்.

வேறு வழி இல்லாமல் இல்லை. கணக்கு வழியாகப் போன 20,000க்கும் மாத வாடகைகளுக்கும் வங்கிப் பதிவு இருக்கிறது. ரொக்கத்துக்குத்தான் சாட்சியம் தேட வேண்டும். பழைய குரல் பதிவுகளில் மச்சான் எங்காவது ‘அறுபதாயிரம்’ என்று சொல்லியிருக்கிறாரா, கேட்டுப் பாருங்கள். மொத்த அட்வான்ஸையும் குறிப்பிட்டு, தணிந்த வார்த்தைகளில், நாற்பதாயிரத்துக்கு இப்போதாவது ரசீது கேட்டு ஒரு செய்தி அனுப்புங்கள். மறுக்காமல் வரும் பதிலும் உதவும். போனை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவைச் சான்றிதழோடுதான் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். பத்திரம் மச்சானிடம் இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். வழக்கு வந்தால் அதைக் கொண்டுவரச் சொல்லி அறிவிப்புக் கொடுக்கலாம். உரிய முத்திரைத் தீர்வை கட்டப்படாத ஆவணம் என்றால், குறையும் தீர்வையையும் அபராதத்தையும் கட்டிய பிறகே அது சாட்சியமாக ஏற்கப்படும். அந்தத் தலைவலி யாருக்கு என்பது யார் அதை நம்பி வருகிறார் என்பதைப் பொறுத்தது.

துருவுக்கு வருவோம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, வீட்டை வாங்கிய நிலையிலேயே திருப்பித் தரச் சொல்கிறது. ஆனால் நியாயமான பயன்பாட்டில் வரும் தேய்மானத்துக்கு விலக்கும் தருகிறது. கடலோரத்து உப்புக்காற்றில் இரும்புக் கம்பி துருப்பிடிப்பதற்கு வாடகைதாரர் பொறுப்பு என்று சொல்வது கடினம். வெள்ளையடிப்பு ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய உங்கள் தலையில் விழாது. மோட்டாரைப் பற்றி உறுதி சொல்ல மாட்டேன். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டு எரிந்தது என்று மெக்கானிக் சொன்னால் உங்கள் பக்கம் பலவீனம். அவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகையை நீங்களாகக் கழிக்க வேண்டாம். எழுத்தில் சம்மதம் இல்லாமல் நிறுத்தினால், ‘பாக்கிதாரர்’ என்ற பட்டத்தை அவர் கையில் நீங்களே கொடுத்ததாகும். பெயர் குறிப்பிட்டு, மாதம் குறிப்பிட்டு, கணக்கு வழியாகவே செலுத்துங்கள்.

அடுத்து, வீடு யார் பெயரில் இருக்கிறது? வரி ரசீதில் வீட்டுக்காரரின் தகப்பனார் பெயர் இருப்பதாக ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். மச்சானுக்குப் பதிவு செய்த பவர் பத்திரம் உண்டா என்பதும் தெரிய வேண்டும். வழக்கறிஞர் அறிவிப்பை இருவருக்கும் அனுப்ப வேண்டியிருக்கும்: பணம் வாங்கியவர் என்ற முறையில் மச்சானுக்கும், உரிமையாளருக்கு உள்ளூர், சிங்கப்பூர் முகவரிகளுக்கும். வெளிநாட்டில் இருப்பவருக்குச் சம்மன் சார்பு செய்யக் காலம் பிடிக்கும். அதனால் வழக்குக்கு முன் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசிப் பாருங்கள். அங்கே கட்டணம் இல்லை. இலவச உதவி எண் 15100. சமரசம் ஆகாவிட்டால் பண வழக்கு. நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் நூற்றுக்கு மூன்று. சாவி கொடுத்த நாளிலிருந்து மூன்றாண்டுதான் கெடு என்று வைத்துக்கொண்டு செயல்படுங்கள். மூன்றாம் ஆண்டின் கடைசி வாரத்தில் எனக்கு மறுபடி எழுதாதீர்கள்.

சாவியைச் சும்மா கொடுத்துவிட்டு வராதீர்கள். காலி செய்யும் அன்று ஒவ்வோர் அறையையும், மின் மீட்டரையும் வீடியோ எடுத்து, சாவி பெற்றதாகக் கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் வழக்கறிஞர் மூலம் ஒப்புகையுடன் தபாலில் அனுப்பலாம்.

இந்தப் பதில் உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து எழுதியது. பத்திரத்தில் உள்ள ஒரு வரி இதில் பாதியை மாற்றிவிடக்கூடும். இதை மச்சானிடம் காட்டி வாதாடாமல், இந்த வாரத்துக்குள் அறந்தாங்கியிலோ புதுக்கோட்டையிலோ உரிமையியல் வழக்கு நடத்தும் வழக்கறிஞரை நேரில் பாருங்கள். வங்கிக் கணக்குப் பதிவு, வரி ரசீது, மின்கட்டண ரசீதுகளோடு மனைவியின் போனையும் கொண்டுபோங்கள். அந்த இருபதாயிரம் அவர் கணக்கிலிருந்துதான் போயிருக்கிறது.