மாசிப் பனி மச்சைத் துளைக்கும்: உறைகுளிருக்கு வீட்டைத் தயார் செய்தல்



'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். பனி மச்சைத் துளைத்ததை நான் ஊரில் பார்த்ததில்லை, ரிச்சர்ட்சனில் பார்த்தேன். 2021 பெப்ரவரியில், மாசி பிறந்து சில நாட்களில், எங்கள் வீட்டு மச்சில் (இங்கே ஆட்டிக் என்கிறோமே, அதுதான்) ஓடிய தண்ணீர் பைப் வெடித்து, சாமி அறையின் உட்கூரை நனைந்து இடிந்து விழுந்தது. அந்த வாரம் நாங்கள் விட்ட பிழைகளையும், ஒரு மயிரிழையில் விடாமல் தப்பிய பெரிய பிழையையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் அவை நடக்கக் கூடாது.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெப்ரவரி 15 அதிகாலையில், டெக்சஸ் மாநிலத்தின் பெரும்பகுதிக்கான மின்வலையை நிர்வகிக்கும் எர்காட் அமைப்பு மின்வெட்டுக்கு உத்தரவிட்டது. மின்நிலையங்களும் எரிவாயு விநியோகமும் குளிரில் முடங்கியதே காரணம். 45 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் வர்த்தக நிலையங்களும் மின்சாரம் இழந்தன. மறுநாள் டாலஸ்-ஃபோர்ட்வர்த் விமான நிலையத்தில் வெப்பநிலை பாரன்ஹீட் பூச்சியத்துக்கும் கீழே 2 பாகை, அதாவது செல்சியஸில் மைனஸ் 19. 1949க்குப் பிறகு இங்கே அத்தனை குளிர் பதிவானதில்லை. அந்தப் புயலில் 246 பேர் இறந்ததாக மாநில சுகாதாரத் துறை கணக்கிட்டது. அதில் பெரும்பாலோர் குளிர் தாங்காமல் இறந்தவர்கள்.

பைப் ஏன் வெடிக்கிறது?

இந்த ஊர் வீடுகள் வெயிலை நினைத்துக் கட்டப்பட்டவை. தண்ணீர் பைப்புகள் மச்சிலும் வெளிச்சுவரிலும் ஓடுகின்றன. வெளியே 20 பாகை பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் அவற்றுக்கு ஆபத்து.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். ஆனால் பைப்பை உடைப்பது பெரும்பாலும் பனிக்கட்டி நேரடியாக நெருக்குவதால் அல்ல. பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் இடையில் அகப்பட்ட தண்ணீர் போக வழியின்றி அழுத்தம் ஏறுகிறது. பலவீனமான இடத்தில் பைப் பிளக்கிறது. குழாயைச் சொட்ட விடுங்கள் என்று சொல்வதன் காரணம் இதுதான். சொட்டும் குழாய் அந்த அழுத்தத்துக்கு வழி விடுகிறது.

நான் சமையலறைக் குழாயை மட்டும் சொட்ட விட்டேன். வெடித்ததோ மறுகோடியில் இருந்த குளியலறைக்குப் போகும் பைப். உறைந்திருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. மின்சாரம் வந்து, வீடு சூடாகி, பனி உருகிய பிறகுதான் தண்ணீர் கொட்டியது. பிரதான வால்வு எங்கே என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் மீட்டர் பெட்டிச் சாவியுடன் ஓடி வந்து மூடும்வரை நாற்பது நிமிடம் தண்ணீர் ஓடியது.

கரியடுப்பு

இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல் வளர்ந்தவன் நான். ஜாம் போத்தலில் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில் படித்தேன். ஆகவே மின்வெட்டு எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. 'இதெல்லாம் நாங்கள் பார்க்காததா' என்ற எண்ணம்.

இரண்டாம் இரவு வீட்டுக்குள் 42 பாகை. மாமி சொன்னார்: "தம்பி, வெளியில கிடக்கிற கரியடுப்பை உள்ளுக்குக் கொண்டு வாங்கோ. பிள்ளையள் நடுங்குதுகள்." எனக்கும் அது சரியாகவே பட்டது. அடுப்பை கராஜ் கதவுவரை கொண்டுவந்துவிட்டேன். கரிப் பையில் அச்சிட்டிருந்த எச்சரிக்கையை மனைவி டார்ச் வெளிச்சத்தில் வாசித்துக் காட்டித்தான் என்னைத் தடுத்தார்.

எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம், வாந்தி வரும்; நித்திரையில் இருப்பவருக்கு அதுவும் தெரியாமல் உயிர் போகும். ஊரில் ஓட்டுக் கூரை, திறந்த முற்றம். புகை தானாகப் போய்விடும். இங்கே காற்றுப் புகாமல் அடைத்த வீடு. அங்கே நம்மைக் காப்பாற்றிய பழக்கம் இங்கே நம்மைக் கொல்லும். அந்த வாரம் டெக்சஸில் இந்த வாயுவால் இறந்தவர்கள் உண்டு. நாங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்திருப்போம்.

செய்ய வேண்டியவை

முன்கூட்டியே:
1. பிரதான தண்ணீர் வால்வு எங்கே என்று இந்த வாரமே தேடுங்கள். மீட்டர் பெட்டி பெரும்பாலும் தெருவோரமாகவோ பின் சந்திலோ நிலத்தில் பதிந்திருக்கும். அதற்கான சாவியை வன்பொருள் கடையில் வாங்கி வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒருமுறை மூடித் திறந்து காட்டுங்கள்.
2. தோட்டக் குழாயிலிருந்து ரப்பர் ஹோஸைக் கழற்றி, குழாய்க்கு நுரை உறை போடுங்கள்.
3. மச்சில் திறந்து கிடக்கும் பைப்புகளுக்கு நுரைக் குழல் சுற்றுங்கள்.
4. பாட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கையறைக்கு அருகில் வையுங்கள்.

குளிர் வரும் இரவு:
1. வெளிச்சுவரை ஒட்டிய தொட்டிகளின் கீழ் அலுமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள்.
2. வால்விலிருந்து மிகத் தொலைவில் உள்ள குழாயையும் வெளிச்சுவர்க் குழாய்களையும் சொட்ட விடுங்கள். சுடுநீர்ப் பக்கத்தையும் மறக்க வேண்டாம்.
3. குடிக்கவும் கழிவறைக்கும் தண்ணீர் பிடித்து வையுங்கள்.

மின்சாரம் போனால்:
1. எரிவாயு ஹீட்டர் என்றாலும் அதன் காற்றாடி மின்சாரத்தில்தான் ஓடும். அதை நம்பியிருக்க வேண்டாம். எல்லோரும் ஒரே அறையில் கூடி, கதவடியில் துவாயை வையுங்கள்.
2. கரியடுப்பை உள்ளே கொண்டு வராதீர்கள். சமையல் அடுப்பையோ அவனையோ சூட்டுக்காக எரிய விடாதீர்கள். கராஜ் கதவு திறந்திருந்தாலும் உள்ளே காரை ஓட விடாதீர்கள். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வெளியே இருக்கட்டும்.
3. வீடு வெகுநேரம் குளிர்ந்தே இருந்தால் பிரதான வால்வை மூடி, குழாய்களைத் திறந்து பைப்பிலுள்ள தண்ணீரை வடிய விடுங்கள்.

குழாயில் தண்ணீர் வராவிட்டால் எங்கோ உறைந்துவிட்டது என்று பொருள். குழாயைத் திறந்தே வைத்து, பைப்பை முடி உலர்த்தியால் மெதுவாகச் சூடாக்குங்கள். நெருப்பு காட்ட வேண்டாம். உருகும் நேரத்தில் ஒருவர் வால்வு அருகில் நிற்கட்டும்.

கணக்காளனின் குறிப்பு

வால்வுச் சாவியும் நுரை உறைகளும் சேர்ந்தாலும் ஒருமுறை வெளியில் சாப்பிடும் செலவுதான். என் உட்கூரையும் தரையும் பல ஆயிரம் டாலர். திடீரென வெடித்த பைப்பின் சேதத்தை வீட்டுக் காப்புறுதி பெரும்பாலும் ஏற்கும். ஆனால் ஆளில்லாத வீட்டைச் சூடாக வைத்திருந்தீர்களா என்று கேட்பார்கள். ஆகவே டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் ஹீட்டரை முழுதாக அணைக்காமல், தண்ணீரை மூடிவிட்டுப் போங்கள். சேதம் நடந்தால் சுத்தம் செய்யுமுன் படம் எடுங்கள், ரசீதுகளை வையுங்கள்.

எங்கள் சாமி அறையை மறுபடி கட்டிவிட்டோம். மாமிக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை. "நான் கேட்டதுக்குக் கொண்டு வந்திருந்தால்..." என்று தொடங்கி நிறுத்திவிடுவார். பெற்றோரை ஊரிலிருந்து அழைத்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இந்தப் பகுதியை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறகு இந்தப் பக்கத்தை வெட்டிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.