அடியிலிருந்து ஏறும் வெள்ளம்: ஏலாக்கரை வீடுகள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்குப் பக்கம், விதுரை, பாலோடு, ஆரியநாடு, வெள்ளறடை, அம்பூரி என்று போனால், முழுக்க மேடும் பள்ளமுமான பூமி. மேட்டில் ரப்பர், சரிவில் வீடு, பள்ளத்தில் ஏலா என்கிற வயல்வெளி. மழைக்காலம் வந்தால் எல்லோர் கண்ணும் நெய்யாற்றின் மேலும் வாமனபுரம் ஆற்றின் மேலும்தான். நெய்யாறு அணையில் எத்தனை ஷட்டர் தூக்கினார்கள் என்பதே டீக்கடைப் பேச்சு. ஆனால் ஆறு கரைக்குள் அடங்கிக் கிடக்கும்போதே ஏலாவை ஒட்டிய வீடுகளில் அடுக்களைத் தரை வேர்க்கும். டைல்ஸ் இடுக்கில் நீர் கசியும். கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் உள்ளே போகாது. அது நிலத்தடி நீர் ஏறி வரும் வெள்ளம்.

காரணம் மண்ணின் அடுக்கு. மேலே இருக்கும் செம்புரை, சல்லடை மாதிரி மழையை உள்ளே விட்டுவிடும். அதற்குக் கீழே வெளிறிய களிமண், அதற்கும் கீழே பாறை. இறங்கிய நீர் களிமண்ணில் முட்டி, சரிவு வழியே பக்கவாட்டில் நகர்ந்து பள்ளத்தில் வந்து தலைகாட்டும். அதனால் மழை நின்ற பிறகும் நீர் ஏறலாம். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையில் ஊறிய மண்மேல் அக்டோபர், நவம்பர் துலாவர்ஷம் கொட்டினால் கேட்கவே வேண்டாம். இங்கிலாந்தின் தெற்கே சுண்ணப்பாறைப் பகுதிகளில் 2000-01, 2013-14 குளிர்காலங்களில் இப்படி ஏறிய நீர் வாரக்கணக்கில் வடியவில்லை. நம் செம்புரையில் ஏறுவதும் வேகம், இறங்குவதும் வேகம். கிணறுகளை இடிப்பது அந்த வேகம்தான்.

செய்ய வேண்டியவை

• கிணற்றை அளவுகோலாக வையுங்கள். உள்சுவரில் அடிக்கு ஒரு பெயின்ட் கோடு போதும். மழை நாட்களில் காலையும் மாலையும் பார்த்து, எத்தனையாவது கோடு என்று காலண்டரில் குறித்து வையுங்கள். மழை விட்ட பிறகும் கோடு ஏறுகிறதென்றால் மேட்டு நீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எந்த ஆப்பும் உங்கள் வீட்டடிக்கு இதைவிடத் துல்லியமாகச் சொல்லாது. ரெட் அலெர்ட்டுக்காகவும் காத்திருக்காதீர்கள்: 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் என்றால்தான் அது வரும். ஏற்கெனவே ஊறிப்போன பள்ளத்துக்கு அதைவிடக் குறைவான மழையே போதும்.

• கூரைத் தண்ணீரைக் கிணற்றுக்கு விடும் குழாய் இருந்தால், கிணறு நிறையும் நாட்களில் அதை ஓடைப்பக்கம் திருப்பிவிடுங்கள். கோடைக்கு நல்லது, துலாவர்ஷத்துக்கு வேண்டாம்.

• தரைக்கடியில் சம்ப் இருந்தால் நிரப்பியே வையுங்கள். காலித் தொட்டியைச் சுற்றியுள்ள நீர் மேலே தூக்கும். கான்கிரீட் தொட்டிகூட விரிசல் விடும்.

• தரை கசியத் தொடங்கியதுமே, கால் நனைவதற்கு முன், மெயின் ஸ்விட்சை அணையுங்கள். தண்ணீர் நின்றுவிட்ட பிறகு மீட்டர் பெட்டியை நோக்கி நடக்காமல் மின்வாரியத்தின் 1912-ஐ அழையுங்கள்.

• வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவை ஒரு நாளைக்கு ஒரு முறையாவது பாருங்கள். புதிதாக ஊற்று கிளம்புவது, தெளிந்த ஊற்று திடீரென்று செம்மண் நிறமாவது, ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நிற்பது, தரையில் பிளவு, சாய்ந்த மரம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பெட்டி கட்ட நிற்காதீர்கள். நீர்ச்சாலின் போக்கிலே இறங்கி ஓடாமல் பக்கவாட்டில் விலகி மேட்டுக்குப் போங்கள். பிறகு மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. 2001 நவம்பர் 9 அன்று அம்பூரியில் குன்று சரிந்து சுமார் 40 பேர் மாண்டதும் துலாவர்ஷத்தில்தான்.

• நீர் இறங்கிய பிறகு கிணற்றை சூப்பர் குளோரினேஷன் செய்யுங்கள். ‘ஒரு கை அள்ளிப் போடு’ என்பது கணக்கல்ல. 1000 லிட்டருக்கு 5 கிராம் பிளீச்சிங் பவுடர். 2 மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் 5 மீட்டர் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 15,700 லிட்டர். சுமார் 80 கிராம் வேண்டும். பவுடரை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு வேண்டாம். மேல் தெளிவை வேறு வாளியில் ஊற்றிக் கயிற்றில் இறக்கி, நீருக்குள் மேலும் கீழுமாகப் பலமுறை ஆட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிக்க என்றால் கொதிக்க வைத்தே. பக்கத்துக் கழிவுக்குழி நிரம்பி வழிந்திருந்தால் ஒருமுறை செய்து விட்டுவிடாதீர்கள்.

• சேற்றில் இறங்கி வேலை செய்பவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக வாரத்துக்கு ஒருமுறை டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சந்தேகம் கேட்க சுகாதாரத் துறையின் ‘திஷா’ எண் 1056.

செய்யக்கூடாதவை

• கலங்கிய கிணற்றை மோட்டார் போட்டு ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். எல்லோரும் செய்வது இதைத்தான். சுற்றியுள்ள மண் முழுக்க நீர் ஏறிப் பாரமாக இருக்கும்போது உள்ளே உள்ள நீர்தான் சுவருக்கு முட்டுக்கொடுக்கிறது. அதை எடுத்துவிட்டால் உறையும் வெட்டுக்கல்லும் உள்பக்கம் சரியும். வெளியே நீர்மட்டம் இறங்கும் வரை பொறுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. மழை விட்டு வெயில் அடிக்கும் நாளில் கிணறு ‘தானாக’ இடிந்தது என்பார்கள். தானாக ஒன்றும் இடிவதில்லை.

• கைப்பிடிச் சுவரைச் சுற்றி வட்டமாகப் பிளவு தெரிந்தால் கிட்டே போகாதீர்கள். துணி துவைக்கும் கல்லும் அங்கேதான் இருக்கும். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

• விழுந்த ஆட்டையோ வாளியையோ எடுக்கக் கிணற்றில் இறங்காதீர்கள். வெள்ளத்துக்குப் பின் அடியில் பிராணவாயு இல்லாமல் போயிருக்கலாம். முதலில் இறங்கியவரை மீட்கப் போய் இரண்டாமவரும் மயங்கி விழுவது வழக்கமான செய்தி. தீயணைப்புப் படை எண் 101. டீசல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவதும் அதே ஆபத்துதான்.

• கழிப்பறை அடைத்துக்கொண்டதும் செப்டிக் டேங்க் லாரியை வரவழைக்காதீர்கள். மண் ஊறியிருக்கையில் காலி செய்தால் பைபர் தொட்டி மிதந்து மேலே வரும், உறைக்குழி நொறுங்கும். மட்டம் இறங்கும் வரை அக்கம்பக்கத்து மேட்டு வீட்டுக் கழிப்பறைதான் வழி. கூச்சம் பார்க்க வேண்டாம்.

• கழிவுக்குழிக்கும் கிணற்றுக்கும் 7.5 மீட்டர் விட்டிருக்கிறோம், சட்டப்படி சரி என்று நிம்மதியாக இருக்காதீர்கள். நீர்மட்டம் குழியின் வாய்வரை ஏறிவிட்டால் அந்த இடைவெளிக்குப் பொருளில்லை.

• ஒதுங்கிய பாம்பை அடிக்கப் போகாதீர்கள். வனத்துறையின் ‘சர்ப்பா’ ஆப்பில் பயிற்சி பெற்ற பிடிப்பாளர்களின் எண் இருக்கிறது.

• ஏலாவை மண்ணடித்து மேடாக்கிய மனையை மழைக்காலத்தில் பார்க்காமல் வாங்காதீர்கள். நெல்வயலையும் நீர்நிலத்தையும் காக்கக் கேரளத்தில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்கு முன்பு நிரப்பியதா, பின்பு நிரப்பியதா என்று தண்ணீர் கேட்பதில்லை. பழைய வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது என்று அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் விசாரியுங்கள். ஏஜென்ட் சொல்ல மாட்டார்.

• இடிந்த கிணற்றை உடனே மண் தள்ளி மூடிவிடாதீர்கள். சுற்றிக் கயிறு கட்டி, எட்ட நின்று போட்டோ எடுத்து, வில்லேஜ் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு மூடுங்கள். நிவாரணத்துக்கு மனுப் போடும்போது காட்ட ஏதாவது இருக்க வேண்டுமே.